எட்டு அதிகாரம்

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே துளசிராமன் முதலியாரின் அரிசி மில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில், அந்த மில்லின் களத்தில் பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள். நவரை நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் வெந்த நெல்லை ஆவி அடங்குமுன் கூடையில் அள்ளி வந்து சிமெண்டுக் களத்தில் கொட்டுவார்கள். பரப்பியபின், வெயில் ஏற ஏற, காலால் கிளறிக்கொண்டே நடக்கவேண்டும். பாதத்தை இழுத்து இழுத்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனால் நெல் இரண்டு பக்கமும் வரப்பாக ஒதுங்கும். திரும்பி வரும்போது அந்த வரப்பை உடைத்துக்கொண்டு வரவேண்டும். பத்து மணிக்கு மேல் சிமெண்டு கொதிக்கும். நின்றால் தாங்காது, நடந்துகொண்டே இருந்தால் ஒருமாதிரி பழகிப்போகும். அதனால் யாரும் நிற்பதில்லை. நடைக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது.

பாட்டு எடுத்துக்கொடுப்பவள் ஆரோக்கியமேரி. முப்பத்துநாலு வயது. நல்ல கறுப்பு, உயரம். மிஷன் பள்ளிக்கூடத்து உபதேசியார் பாக்கியநாதனின் மனைவி. உபதேசியார் என்றால் பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், சாயங்காலம் வீடு வீடாக ஜெபம், போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம். அவர்களுடைய ஒரே மகள் சுகிர்தம் திருவள்ளூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். உபதேசியார் சம்பளம் ஒன்றுக்கும் காணாது என்பதால் மேரி களத்துக்கு வந்தாள். வந்த முதல் வாரமே பாட்டு அவள் கைக்குப் போய்விட்டது.

"ஆரணி ஆத்து மேல நீர்க்காக்கா எறங்குது
அவுத்து உட்ட கூந்தலுன்னு எம் மாமன் சொல்லுது
வெயிலுதான் கறுக்க வெச்சான் வேற யாரும் இல்லடி
வேலைக்கு அனுப்பனவங்க வெளுத்துப் போனாங்கடி"

பெண்கள் பின்வரியை வாங்கிப் பாடுவார்கள். வெயில் கறுக்க வைத்த வரி வந்தால் எல்லோர் குரலும் ஒரு பிடி ஏறும்.

மணியம்மாள் அவளைவிடப் பத்து வயது பெரியவள். களத்துக்கு மூத்தவள். ஒருநாள் கூழ் குடிக்க உட்கார்ந்தபோது கேட்டாள்.

"யாரு கட்டன பாட்டு மேரி இது? கூத்துலகூட நான் கேட்டதில்லியே."

"நானா கட்டல யக்கா. எங்க வேதத்துல பாட்டாவே ஒரு புஸ்தகம் கீது. எட்டு அதிகாரம்."

"சாமி புஸ்தகத்துலயா? இந்தப் பாட்டா?" மணியம்மாளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "எந்தச் சாமி எந்தப் பொம்பளயப் பாத்து பாடுச்சி?"

"சாமி பாடல. ஒரு பொண்ணும் ஒரு ஆம்பளயும் மாத்தி மாத்திப் பாடறாங்க. அந்தப் பொண்ணு நம்ம மாதிரி கறுப்பு. அண்ணங்காரனுங்க தோட்ட வேலைக்குத் தொரத்தி வெயில்ல கறுத்துப் போனவ. புஸ்தகத்துல மல மேலேர்ந்து ஆட்டு மந்தை எறங்குதுன்னு கீது. நான் மலய எங்க கண்டேன்? அதான் நீர்க்காக்கா."

"உங்க ஊட்டுக்காரரு சொன்னாரா?"

மேரி கூழ்ச் சட்டியைக் கழுவ எழுந்து போனாள். முகத்தில் எழுந்த சிரிப்பை மறைக்கவில்லை. மணியம்மாள் பார்த்துக்கொண்டாள்.

மேரி பழவேற்காட்டுக்காரி. அப்பன் ஏரியில் வலை போட்டவன். மாதா கோயில் குடும்பம். பாக்கியநாதனோ கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மிஷன் சபையில் பிறந்தவன். மாதாவைக் கும்பிடாத சபையில் பெண் கொடுப்பதா என்று அவளுடைய அண்ணன்மார் சண்டைக்கு வந்தார்கள். அவள் புறப்பட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பழவேற்காட்டிலிருந்து அவளைத் தேடி வந்தது மடவை மீனும் கருவாடும் விற்க வரும் கூடைக்காரிகள் மட்டும்தான்.

கல்யாணமான முதல் வருஷம், பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறையில், பாக்கியநாதன் விளக்கு ஏற்றியதும் அவளுக்கு அந்த எட்டு அதிகாரத்தை வாசித்துக் காட்டினான். அவளுக்கு அப்போது ஒரு எழுத்தும் தெரியாது.

"இந்தப் பொண்ணு மாதாதானே? எங்க சாமியாரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள் மேரி.

"உங்காளுங்க மாதான்னு சொல்றாங்க. எங்காளுங்க சபைன்னு சொல்றாங்க. மாப்பிள்ளை கிறிஸ்துவாம், பொண்ணு சபையாம். அதுக்கும் முந்தி யூதருங்க, மாப்பிள்ளை கடவுள், பொண்ணு இஸ்ரவேல் ஜனம்னாங்க. முப்பது வயசு ஆவாதவன் இதப் படிக்கவே கூடாதுன்னும் வெச்சிருந்தாங்க."

"உங்களுக்கு இன்னும் முப்பது ஆவலியே?"

"அதனாலதான் கதவ சாத்திட்டுப் படிக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்துதான் அவள் எழுத்துக் கற்றாள். அ, ஆ என்று வரிசையாக அல்ல. தெரிந்த வரியில் தெரிந்த சொல்லைத் தேடித் தேடிக் கற்றாள். அடுத்த வருஷம் அவளே வாசித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

பின்னால், போதகராகும் குருப்பட்டத்துக்குப் படிக்க வேண்டி, அவன் திருவள்ளூரில் நடந்த வகுப்புகளுக்குப் போய் வந்தான். அங்கே கேட்டதையெல்லாம் நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து அவளிடம் சொன்னான். மேல்நாட்டு சந்நியாசி ஒருவர் இந்தப் பாட்டுக்கு விளக்கம் சொல்லிப் பதினெட்டு வருஷம் பிரசங்கம் செய்தாராம். மூன்றாவது அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டாமலே செத்துப்போனாராம். இன்னொருவர், இது ராஜா தன் எகிப்து மனைவிக்காகப் பாடியது, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டாராம். அவர் செத்து நூற்றிருபத்தைந்து வருஷம் கழித்துப் பெரியவர்கள் சபை கூடி அவரைச் சபித்தார்களாம்.

"செத்தவரயா சபிச்சாங்க?" மேரிக்கு நம்ப முடியவில்லை.

"ஆமா. வேற குத்தமும் சொன்னாங்க, அதுல இதுவும் ஒண்ணு."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

பாக்கியநாதன் நோட்டை மூடினான். "ஆம்பளயும் பொம்பளயும் ஒருத்தர்மேல ஒருத்தர் ஆசையா இருக்கறது கடவுளுக்கு வெக்கம் இல்ல மேரி. வெக்கமா இருந்தா வேதத்துல உட்டு வெப்பாரா? அவரு பேரக்கூட அதுல நீட்டி சொல்லிக்கல. ஒதுங்கி நின்னு கேக்கறாரு. நான் அப்படித்தான் நெனைக்கறேன்."

அந்த வார்த்தையை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். கூடப்பிறந்தவர்களை விட்டு வந்ததற்கு அது போதும் என்று இருந்தது.

சபைக் கமிட்டிச் செயலாளர் சாமிதாஸ் ரயில்வேயில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வைகாசியில் ஒருநாள் தன் நெல்லை அவிக்கக் கொண்டு வந்தவர், களத்து ஓரம் குடை பிடித்து நின்றார். பாட்டு ஒரு சுற்று முடியும்வரை அசையவில்லை. பிறகு மணியம்மாளைக் கூப்பிட்டு, "இது ஏது பாட்டு?" என்றார். "உங்க வேதப் பாட்டுதான், உங்களுக்கே தெரியாதா?" என்றாள் அவள், வெள்ளந்தியாக.

அன்று சாயங்காலமே அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"உபதேசியாரே, கர்த்தருடைய மணவாட்டிய களத்துல புழுங்கல் நெல்லோட போட்டு மிதிக்கறாங்க. அடுத்த தைமாசம் உங்களுக்குக் குருப்பட்டம்னு பேரு போயிருக்குது. ஐயரு காதுக்கு இது போனா இன்னா ஆவும்?"

அந்தச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். எசேக்கியேல் ஐயர் பொன்னேரியில் இருந்துகொண்டு பதினோரு ஊர்களைப் பார்த்துக்கொண்டார். சாமிதாஸ் கேட்ட கேள்விக்குச் சாமிதாஸே பதில் செய்தார். மறுநாள் காலை வண்டியில் பொன்னேரிக்குப் போய் ஐயர் காதில் போட்டுவிட்டு வந்தார். சனிக்கிழமை கமிட்டி என்று தாக்கல் வந்தது.

வெள்ளிக்கிழமை மேரி மடவை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். பாக்கியநாதன் சோற்றை அளைந்துகொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கு இப்பிடி கீறீங்க? நான் பாடனது தப்புன்னா பாடாம இருக்கறேன்."

"பாட்டு தப்பில்ல. எங்க பாடற, யாரு கேக்கறாங்கன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"களத்துல கீறவங்களும் பொம்பளங்கதானே. அந்தக் கறுத்த பொண்ணு பாட்டு அவங்களுக்கும் புரிஞ்சிச்சி. சந்தோஷமா பாடனாங்க."

"சரி. நாளைக்கு நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

"நீங்க நெனைக்கறத சொல்லிடுவீங்கதானே? என்கிட்ட சொன்னத?"

"சொல்றேன்டி. தின்னு."

அவள் தின்றாள். நன்றாகவே தூங்கினாள்.

சனிக்கிழமை பிற்பகல், பிள்ளைகள் உட்காரும் பலகைகளில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். மேசைக்குப் பின்னால் எசேக்கியேல் ஐயர். தெற்கத்திக்காரர், அறுபதை நெருங்கியவர், மெதுவாகப் பேசுவார். மேரி கதவோரம் நின்றாள். கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு அழிக்காமல் இருந்தது.

"உபதேசியாரே, அந்த அதிகாரங்களுக்கு நீங்க என்ன அர்த்தம் சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார் ஐயர்.

பாக்கியநாதன் எழுந்தான். "சபையின் உபதேசம்தான் ஐயரே. மணவாளன் கிறிஸ்து, மணவாட்டி திருச்சபை. வேற அர்த்தம் எனக்குத் தெரியாது."

மேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப உங்க ஊட்டுல இருந்து இந்தப் பாட்டு எப்படிக் களத்துக்குப் போச்சி?" சாமிதாஸ் விடவில்லை. "மாமன் கூந்தல்னு வருதுங்களே, அது சபையா?"

"அவங்க..." பாக்கியநாதன் கதவுப் பக்கம் திரும்பவில்லை. மேசையைப் பார்த்தே பேசினான். "அவங்க மாதா கோயில்ல இருந்து வந்தவங்க. வேதம் கையில எடுத்துப் பழக்கம் இல்ல. எழுத்துத் தெரியாது. நான் சபையில வாசிக்கறத அரைகுறையா காதுல வாங்கிக்கினு, புரியாம, தெருப்பாட்டு மெட்டுல போட்டுட்டாங்க. நான் கண்டிச்சேன். கேக்கல."

களத்துப் பக்கமிருந்து நெல் வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. ஐயர் மேரியைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று ஒரு கணம் காத்த மாதிரி இருந்தது. ஆனால் கேட்கவில்லை. அவளுக்கும் வாய் வரவில்லை. கண்டித்தது பொய், கேட்காதது பொய் என்பதெல்லாம் பிறகுதான் அவளுக்கு வரிசையாகத் தோன்றின. அந்த நேரத்தில் அவள் மனத்தில் சுற்றிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: எழுத்துத் தெரியாது என்று சொல்லிவிட்டாரே.

கமிட்டி தீர்மானித்தது. மேரிக்கு மூன்று மாதம் நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது. மறுநாள் சபைக்கு முன் நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும். அதே ஆராதனையில் உபதேசியார் அந்த எட்டு அதிகாரத்தை முறைப்படி விளக்கிப் பிரசங்கம் செய்யவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியநாதன் அவள் கையைப் பிடித்தான். "மேரி, மூணு மாசம்தான். பட்டம் ஆனதும் எல்லாரும் மறந்துடுவாங்க. சுகிர்தத்த மெட்ராசுல சேக்கலாம். நீ வெயில்ல போவ வேணாம். எனக்காக."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது அவன் கைக்குள் சும்மா கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. சாமிதாஸ் பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். மேரி வெள்ளைச் சேலையில் முன்னால் போய் நின்றாள். அவள் சொல்லவேண்டிய மன்னிப்பு ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று கமிட்டிப் புத்தகத்தில் ஏறிவிட்டபடியால், அவளுக்காக அதைப் பாக்கியநாதனே வாசித்தான்.

"எழுத்தறிவில்லாத பாவியாகிய நான், வேதத்தின் பரிசுத்தமான பகுதியை மாம்சத்தின்படி விளங்கிக்கொண்டு, புறம்பானவர்களுக்கு முன் அதை அசுசிப்படுத்தினேன்..."

அவன் கையெழுத்து அவளுக்குத் தெரியும். நின்ற இடத்திலிருந்து, தாளின் பின்பக்கம் மை ஊறி, எழுத்துகள் திருப்பிப்போட்டதுபோல் தெரிந்தன. அதையும் அவளால் வாசிக்க முடிந்தது. 'நான்' என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவளுடைய குரலை யாரோ கடன் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது.

பிறகு பிரசங்கம். பாக்கியநாதன் நன்றாகப் பேசக்கூடியவன். அன்று இன்னும் நன்றாகப் பேசினான். அந்தப் பெண்ணின் பற்கள் என்பது சபையின் போதகர்கள். வேதவார்த்தையை மென்று ஜனங்களுக்கு ஊட்டுகிறவர்கள். கூந்தல் என்பது விசுவாசிகளின் கூட்டம். இரண்டு மார்பு என்பது பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும், பிள்ளைகளுக்குப் பாலூட்டுகிறவை. படுக்கை என்பது மனச்சாட்சியின் அமைதி. ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தான். பெண்கள் பக்கத்தில் இரண்டொருவர் தலையாட்டினார்கள். மேரி தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"அவள் கறுத்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறது. ஏன் கறுப்பு? பாவத்தினால் கறுப்பு. ஆத்துமாவின் கறை அது. மணவாளன் கழுவும்வரைக்கும் அவள் அப்படித்தான் இருப்பாள்."

இதைச் சொல்லும்போது அவன் கண் ஒருமுறை அவள்மேல் பட்டு விலகியது. மேரி தன் கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே வெயில் ஏறி மினுங்கும் கறுப்பு. முதல் வருஷம் இதே கையைப் பிடித்துக்கொண்டு, 'அவளும் உன்ன மாதிரிதான், உழைச்சுக் கறுத்தவ' என்று சொன்னவன் அவன்.

வீட்டில் அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அவள் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்தப் பொண்ணு சபைதான்னா, கதவ சாத்திக்கினு யாருகிட்ட அதப் படிச்சீங்க? சபைகிட்டயா, என்கிட்டயா?"

பாக்கியநாதன் சட்டையைப் பிடித்தபடி நின்றான்.

"ரெண்டும் உண்மைதான் மேரி. அதுல பல அர்த்தம் கீது. அன்னிக்கு அது, இன்னிக்கு இது."

"அர்த்தம் நூறு இருக்கட்டும். யாருகிட்ட சொன்னீங்கன்னுதான் கேட்டேன்."

அவன் சட்டையை ஆணியில் மாட்டினான். அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அன்றைக்குப் பிறகு வீட்டில் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும் நடந்தது. களத்திலும் அவள் பாட்டு எடுக்கவில்லை. மணியம்மாள்தான் ஏதோ சினிமா மெட்டைப் போட்டு நடையை ஓட்டினாள்.

"இன்னாடி, புருசன் பொஞ்சாதிக்குள்ள சண்டயா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சண்டன்னா தேவல யக்கா. சண்டன்னா ரெண்டு பேரு வேணும்."

ஐப்பசி மழையில் களம் மூடிக்கிடந்த ஒரு நாள், எசேக்கியேல் ஐயர் குடையும் தோல் பையுமாக வந்தார். பாக்கியநாதன் பள்ளியில் இருந்தான். ஐயர் பையிலிருந்து ஒரு தாளையும் தகரப்பெட்டியில் இருந்த மைத் திண்டையும் எடுத்து முக்காலியில் வைத்தார்.

"பட்டம் வாங்கப் போறவருடைய மனைவி சம்மதம் எழுதித் தரணும்மா. ஊழியத்துக்கு எங்க அனுப்பினாலும் கூடப் போவேன்னு. நான் வாசிக்கிறேன். இடது கை பெருவிரல் வச்சால் போதும்."

"குடுங்க" என்று மேரி தாளை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டாள். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். கடைசி வரியில் நின்றாள்.

"'முழுமனதோடும் சந்தோஷத்தோடும்'னு போட்டிருக்குதே ஐயரே. அத அடிச்சிட்டு கையெழுத்துப் போட்டா செல்லுமா?"

ஐயர் மைத் திண்டின் மூடிமேல் வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"கல்யாணம் ஆன மறு வருசத்துலேர்ந்து."

"யார் கற்றுக் கொடுத்தது?"

"அவருதான். அந்த எட்டு அதிகாரத்த வெச்சித்தான்."

மழை கூரை ஓட்டில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.

"அன்றைக்குக் கமிட்டியில் ஏம்மா சொல்லவில்லை?"

"நீங்க அவரத்தானே கேட்டீங்க. என்ன ஒரு வார்த்த கேக்கலியே."

ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் தெரியும்மா. அது முதலில் ஒரு பெண்ணும் ஆணும் பாடின பாட்டுதான். மற்ற அர்த்தமெல்லாம் அதுமேல கட்டினது. கட்டினதும் பொய்யில்ல. ஆனால் அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

மேரி அவரை நேராகப் பார்த்தாள். "தெரிஞ்சிக்கினேதான் என்ன முன்னால நிக்க வெச்சீங்களா?"

"சபை தாங்காது என்று பயந்தேன்."

"நான் தாங்குவேன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

ஐயர் பைக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்தார். "கமிட்டியைத் திரும்பக் கூட்டுகிறேன். பாக்கியநாதன் பேரை நிறுத்தி வைக்கிறேன்" என்றார்.

"வேணாம். சபை முன்னாடி நிக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். அவர அங்க நிக்க வெச்சிப் பாக்கணும்னு எனக்கு ஆசையில்ல. பட்டம் வாங்கட்டும். ஆசப்பட்டத வாங்கட்டும்."

பேனாவை அவரிடமே வாங்கி, இரண்டு சொற்களையும் ஒரே கோட்டில் அடித்தாள். கீழே 'ம. ஆரோக்கியமேரி' என்று எழுதினாள். 'ம' அவளுடைய அப்பன் மரியானின் எழுத்து.

பாக்கியநாதன் பள்ளி விட்டு வந்தபோது ஐயர் குடையை விரித்துக்கொண்டிருந்தார். "உபதேசியாரே, உங்க வீட்டம்மாவுக்குக் கையெழுத்து நல்லா வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்தார். பாக்கியநாதன் முக்காலியின்மேல் இருந்த மைத் திண்டைப் பார்த்தான். ஐயர் அதை மறந்துவிட்டுப் போயிருந்தார். மூடி திறக்கப்படவே இல்லை. அவன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். மேரி அவனுக்குக் காப்பித் தண்ணி வைத்துக் கொடுத்தாள். ஆறுதலாக ஒரு சொல்லும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

தை மாதம் திருவள்ளூரில் பட்டம் ஆயிற்று. மேரி போனாள். சுகிர்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். பாக்கியநாதனைத் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு சபைக்குப் போட்டார்கள். அங்கே வீடும் கிணறும் உண்டு. அவன் போனான். மேரி போகவில்லை. மில்லின் பின்புறம் மணியம்மாள் வீட்டை ஒட்டி ஒரு அறை காலியாக இருந்தது. சாமான்களை அங்கே மாற்றிக்கொண்டாள். கேட்டவர்களிடம், "நவரை முடியட்டும், பாப்போம்" என்றாள். நவரை வந்தது, முடிந்தது. லீவு விட்டால் சுகிர்தம் அந்த அறைக்குத்தான் வந்தாள்.

மாதம் ஒரு சனிக்கிழமை பாக்கியநாதன் வருவான். மேரி மீன் வாங்கிச் சமைத்துப் போடுவாள். அவன் சாப்பிடுவான். மகளைப் பற்றிப் பேசுவார்கள். ஊரில் அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை. களம் நிறைய நெல். இரண்டு மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மணியம்மாள் கத்தினாள். பெண்கள் பலகையைப் பிடித்து நெல்லைக் குவிக்க ஓடினார்கள். அறை வாசலில் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருந்த பாக்கியநாதன் எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேரி இழுத்த பலகையின் மறுமுனையைத் தள்ளினான். வெறுங்காலில் சிமெண்டு சுட்டிருக்கவேண்டும். அவன் காட்டிக்கொள்ளவில்லை. குவியல்மேல் தார்ப்பாயை இருவருமாக விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். முதல் துளிகள் விழுந்தன. தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது.

பாக்கியநாதன் மூச்சு வாங்கினான். நெற்றியில் உமியும் வியர்வையும்.

"மேரி, என்கூட வந்துடு. நான் சொன்னது பொய். அன்னிக்கு உன்கிட்டதான் படிச்சேன். உன்கிட்ட மட்டும்தான்."

ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் வந்திருந்தது. மேரி அதைக் கேட்டாள். நெஞ்சில் எங்காவது போய் விழுகிறதா என்று பார்த்தாள். விழவில்லை. அவன் நின்ற இடத்துக்கும் அவளுக்கும் நடுவில் எங்கேயோ அது நின்றுவிட்டது.

அவனுடைய செருப்பை எடுத்து வந்து அவன் காலருகே வைத்தாள். குடையையும் கொடுத்தாள்.

"வண்டிக்கு நேரமாவுது ஐயரே."

மில் தாழ்வாரத்தில் ஒண்டியிருந்த பெண்கள், புருஷனை ஐயரே என்று கூப்பிட்டாள் என்று வாய்விட்டுச் சிரித்தார்கள். மணியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பாக்கியநாதன் செருப்பைப் போட்டுக்கொண்டு, மழையில் குடையை விரிக்காமலே ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான். மேரி தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் தூக்குவதைப் பார்த்துவிட்டு, இன்னொரு கல் எடுக்கப் போனாள்.